பாலுவின் பேக்ஹேண்ட்

போன வாரம் கடலூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். மகளுக்கு இறகுப்பந்து வேண்டும். எனக்கு முன்னால் நான்கு இளைஞர்கள் நின்று டென்னிஸ் பந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து, தகர மூடியின் வளையத்தில் விரலை நுழைத்து இழுத்தார். சோடா உடைத்தாற்போல 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். கூடவே அந்த வாசனை. புது ரப்பரும், கொஞ்சம் மண்ணெண்ணெயும், பெட்டிக்குள்ளேயே இருந்த கம்பளியும் கலந்தாற்போல. அடைபட்டிருந்த காற்று முதல் தடவை வெளியே வரும்போது மட்டும் அது இருக்கும். அடுத்த நிமிடம் இருக்காது.

அவர்கள் வாங்கியது கிரிக்கெட் ஆட. எங்கள் பக்கம் டென்னிஸ் பந்துக்கும் டென்னிசுக்கும் உறவு விட்டுப்போய் வெகுகாலமாகிறது. நான் இறகுப்பந்து டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். கிளப்பவில்லை. வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "சார், வண்டிய எடுக்கிறீங்களா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று பின்னால் நின்ற ஆட்டோக்காரர் கேட்ட பிறகுதான் நான் நடுவழியில் இருப்பது உறைத்தது.

அந்த வாசனையை நான் முதலில் முகர்ந்தது சிதம்பரத்தில், 2004இல். அந்த வருடம்தான் வங்கியில் வேலை கிடைத்துச் சிதம்பரம் கிளையில் சேர்ந்தேன். நெல்லிக்குப்பத்துக்காரனுக்குச் சிதம்பரம் தூரதேசமில்லை. இருந்தாலும் அப்பா கரும்பு ஆலையில் ஷிப்டு முடிந்த கையோடு, சட்டையில் பாகு மணக்க, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏதோ பட்டாளத்துக்கு அனுப்புகிறவர் மாதிரி வழியனுப்பினார். கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அறை. காலையில் இட்லி, மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நான்கு வீதியையும் சுற்றி வருவது. இப்படியே ஒரு மாதம் போனது.

எங்கள் மேலாளர் ஊர் மனமகிழ் மன்றத்தில் உறுப்பினர். மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் ஓட்டுக் கட்டடம், உள்ளே சீட்டாட்ட மேசைகள். சீட்டுக்காரர்களின் மனம் மட்டுமே அங்கே மகிழ்ந்தது. பின்பக்கம் ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட் இருந்தது. அதில் நின்றால் தென்னைகளுக்கு மேலே கோயில் கோபுரத்தின் உச்சி தெரியும். அங்கே டபிள்ஸ் ஆட மூன்று பேர் இருந்தார்கள், நான்காவது ஆள் இல்லை. மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, ஒயரமா இருக்கீங்க, சாயங்காலம் வாங்க" என்றார். டென்னிசுக்கு எனக்கிருந்த தகுதி அது ஒன்றுதான். இன்றுவரைக்கும் அது ஒன்றுதான்.

வலைக்கு அந்தப் பக்கம் பாலு நின்றிருந்தான். பாலமுருகன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைவிட இரண்டு வயது பெரியவன், ஒல்லி, நகக்கண்ணில் சாக்பீஸ் தூள். கல்லூரி விடுதிச் சுவரில் தனியாகப் பந்தடித்தே ஆட்டம் கற்றுக்கொண்டவன். அப்பா இல்லை. மேலவீதியை ஒட்டிய சந்தில் அம்மாவோடும் தங்கை தேன்மொழியோடும் இருந்தான்.

உங்களுக்கு டென்னிஸ் பழக்கமில்லையென்றால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வலக்கைக்காரனுக்கு வலப்பக்கம் வருகிற பந்து சுலபம். கோபத்தில் யாரையோ அறைவதுபோல வீசினால் போதும். இடப்பக்கம் வருவதுதான் வம்பு. உடம்பைத் திருப்பி, பந்துக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டி, புறங்கை முன்னால் போகும்படி அடிக்க வேண்டும். அதுதான் பேக்ஹேண்ட். பலர் அதற்கு இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். பாலு அதைக் கேலி செய்வான். "வாசல் பெருக்குற மாதிரி இருக்குடா" என்பான். அவன் ஒற்றைக் கையில் அடிப்பான். அவசரமே தெரியாது. வலது தோள் வலையைப் பார்க்கத் திரும்பும். வலது கால் குறுக்கே ஓர் எட்டு வைக்கும். அதற்குப் பிறகு நடப்பதை எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு விளங்கியதில்லை. ஒரு சத்தம் கேட்கும். அதற்குள் பந்து ஓரக்கோட்டின் சுண்ணாம்பைப் புகைய வைத்துவிட்டுப் போயிருக்கும்.

எனக்கு அந்த அடி வரவே இல்லை. இடப்பக்கம் பந்து வந்தால் நான் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடி, எப்படியாவது அதை வலப்பக்கமாக்கிக்கொள்ளப் பார்ப்பேன். நானும் பாலுவும் ஒரே அணியில் சேர்ந்த பிறகு எதிராளிகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாப் பந்தும் என் இடப்பக்கத்துக்கே வரும். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "உடு மச்சான்!" நான் குனிந்துகொள்வேன். தலைக்கு மேலே காற்று விசுக்கென்று போகும். நிமிர்ந்தால் எதிராளிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படிக் குனிந்து குனிந்தே ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவன் நான்.

சுனாமி வந்த மாதம் கோர்ட் முழுக்கத் துணி மூட்டைகளும் அரிசியும் அடுக்கியிருந்தார்கள். நாங்கள் மட்டையை வைத்துவிட்டு மூட்டை தூக்கினோம். எல்லாம் அகற்றிய பிறகு கோடு போடச் சுண்ணாம்பு கரைத்தபோது, இவ்வளவுக்குப் பிறகும் விளையாடலாமா என்று நான் கேட்டேன். "வேற இன்னா செய்யத் தெரியும் நமக்கு?" என்றான் பாலு.

2006இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அதிகாரிகள் கிளப்பில் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே ஒரு வட்டாட்சியரும் ஓர் எலும்பு டாக்டரும். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர், தோற்றால் மட்டும் பிடிக்காது. பாலுவின் பேக்ஹேண்ட் அவரைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் மட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அட, எப்படிய்யா!" என்பார். ஜெயித்தோம். எவர்சில்வர் அண்டா ஒன்று பரிசு. அதை இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் நின்றபடி வந்தோம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடலாமா என்று யோசித்தார்.

அண்டாவைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஈ ஓட்டுற மாதிரி கைய வீசுனதுக்கா இது?" என்று கேட்டாள் தேன்மொழி. நான் அவளிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதற்குச் சொன்ன பதில்தான், அதுவும் திக்கியது. அடுத்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணம். விளையாட்டாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த 'மச்சான்' நிஜமாகிவிட்டது. அன்றிலிருந்து பாலு ஊர் முன்னால் என்னை "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்பான். கோர்ட்டுக்குள் வந்ததும் பழையபடி "உடு மச்சான்!"

கல்யாணமான புதிதில் எல்லோருமாகப் பிச்சாவரம் போனோம். பாலுவின் அம்மா, இப்போது என் அத்தை, படகில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, ஏறிய பிறகு இறங்க மாட்டேன் என்றாள். சுரபுன்னைக் கிளைகளுக்கு நடுவே படகு நுழைந்தபோது பாலு வலது முழங்கையைப் படகின் விளிம்பில் வைத்துச் சாய்ந்திருந்தான். அவன் முன்னங்கையில் தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி துடித்தது. "அண்ணா, ஒங்கைக்குள்ள மீனு துள்ளுது" என்று தேன்மொழி விரலை வைத்து அமுக்கினாள். விரலை எடுத்ததும் இன்னோரிடத்தில் துள்ளியது. எல்லோரும் சிரித்தோம். படகோட்டியும் சிரித்தார். இப்போதும் யாராவது பிச்சாவரம் போகலாமா என்று கேட்டால் எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

2008 தொடக்கத்தில் பாலுவுக்கு மங்கலம்பேட்டையில் பெண் பார்த்து நிச்சயம் செய்தார்கள். பெண்ணின் பெயர் கவிதா. ஆவணியில் கல்யாணம். அந்தக் கோடையில்தான் அவனுடைய பேக்ஹேண்ட் கெட ஆரம்பித்தது. முதலில் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் தென்னைக்குப் போனது. பிறகு அடிக்கும் நேரத்தில் மட்டையின் தலை தொங்கியது. கல்யாணக் களையில் மாப்பிள்ளைக்குப் பந்து தெரியவில்லை என்று கேலி செய்தோம். ஒருநாள் மட்டையே கையை விட்டுப் பறந்து வலையில் போய் விழுந்தது. மறுநாள் பாலு இரண்டு கையாலும் பிடித்து அடித்தான். யாரையும் பார்க்காமல். வாசல் பெருக்குவதுபோல இருக்கிறதே என்று கேட்க என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல்வரிசை வரை கை போகவில்லை என்று அப்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது அந்த எலும்பு டாக்டர்தான். கடலூரில் ஆடப் போயிருந்தோம். ஆட்டம் முடிந்து கைகுலுக்கியவர் பாலுவின் கையை விடவே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைத் தடவிப் பார்த்தார். அங்கே சதை இல்லை, குழி இருந்தது.

"தம்பி, எவ்ளோ நாளா இப்படி?"

"எப்படி சார்?"

"கைய நீட்டுங்க. மணிக்கட்ட மேல தூக்குங்க."

கை நீண்டது. மணிக்கட்டு எழவில்லை. வியர்வை துடைத்துக்கொண்டிருந்த டாக்டரின் துண்டு அவர் தோளிலேயே நின்றுவிட்டது. "இது எலும்பு இல்ல. நரம்பு. நீங்க நாளைக்கே பாண்டிக்குப் போங்க" என்றார். தோற்றுப்போனால் முகம் சுண்டுகிறவர், அன்று ஜெயித்திருந்தார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்திச் சோதித்தார்கள். மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டே வரும். மருந்து கிடையாது. கேட்பதும் பார்ப்பதும் நினைப்பதும் கடைசிவரை அப்படியே இருக்கும். அந்த இளம் மருத்துவர் இதை ஒரு நல்ல செய்திபோலச் சொல்ல முயன்றார். பாவம், அவருக்கும் வேறு என்ன இருந்தது.

"கை மட்டுந்தானா சார்?" என்று பாலு கேட்டான்.

"அப்புறம் கால். பேச்சு. முழுங்குறது. கடைசியில மூச்சு."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்கார வைத்தேன். கடலூர் தாண்டியது. பிறகு, "மச்சான், அந்தப் பொண்ணு வேணாம்" என்றான். நான் புரியாததுபோல விழித்தேன். "நீ போயி சொல்லிடு. ஒடம்பு சரியில்லன்னு சொல்லாத. எனக்குப் புடிக்கலன்னு சொல்லு. பரிதாபப்பட்டு அது ஒத்துக்கிச்சுன்னா அப்புறம் என்னால தாங்க முடியாது." சிதம்பரத்தில் ஆனித் தேருக்காக வீதியில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் ஊருக்குள் வர வெகுநேரம் பிடித்தது.

மங்கலம்பேட்டைக்கு நான் தனியாகப் போனேன். பெண்ணின் அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா சார் பேசுறீங்க? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. எம்பொண்ணுகிட்ட இன்னா கொற கண்டாரு அவரு?"

"கொறயெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப வேற எடத்துல ஜாஸ்தி செய்யிறேன்னு சொல்லிட்டாங்களா? நேரா சொல்லுங்க!"

உள் அறை வாசலில் கவிதா நிற்பது தெரிந்தது. அவள் குனிந்த தலையைப் பார்த்தேன். அவளிடம் ஒரு குறை இருக்கிறதென்று ஊர் பேசப்போகிறது, அதைச் சொன்னவனாக நான் இருக்கப்போகிறேன். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகத்திலிருந்து கோபம் வடிந்தது. அந்த இடத்துக்கு வருத்தம் வருமென்று காத்திருந்தேன். வந்தது நிம்மதி. அப்பட்டமான நிம்மதி. "அடப்பாவமே" என்று அவர் சொன்னதும் உண்மைதான், அதற்கு முன்பே மூச்சு விட்டதும் உண்மைதான். "நல்லவேளை சார். கல்யாணத்துக்கு மிந்தியே தெரிஞ்சிச்சு. காப்பி சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். குடித்தேன். இப்போது நானும் ஒரு பெண்ணுக்குத் தகப்பன். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மூச்சை நான் மறக்கவும் இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது கவிதா பின்னாலேயே வந்தாள்.

"அவுருக்கு வலிக்குதுங்களா?"

"இல்லம்மா. வலி கெடையாது."

"சரிங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்த்ததில்லை.

"இன்னா சொன்னாங்க?" என்று பாலு கேட்டான். "கன்னாபின்னான்னு திட்டுனாங்க" என்றேன். "திட்டட்டும், திட்டட்டும்" என்று தலையாட்டினான். அன்று அவன் முகத்தில் இருந்த திருப்தியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அத்தை பிரதோஷம் விடாமல் கோயிலுக்குப் போனாள். எண்ணெய் தேய்த்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள், யாரோ சொன்னார்கள் என்று புதுவிதமாகப் பத்தியம் வைத்தார்கள். பாலு எல்லாவற்றுக்கும் உடன்பட்டான். "அம்மாவுக்கு வேல வேணும்ல" என்பான். பள்ளிக்கூடத்தில் சிறிது காலம் ஒரு மாணவனைப் பலகையில் எழுதவைத்து, வாயால் கணக்குப் போட்டுக் கொடுத்தான். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு வேலையும் நின்றது.

2009 மார்கழியில் ஒரு சாயங்காலம் கோர்ட்டுக்குப் போகலாம் என்றான். ஸ்கூட்டரில் உட்கார வைத்து, என் இடுப்போடு துண்டால் கட்டிக் கூட்டிப்போனேன். மற்றவர்கள் யாரும் இல்லை. உள்ளே சீட்டுக் கலைக்கும் சத்தம் மட்டும். மட்டையின் பிடியில் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன்.

"பேக்ஹேண்டுக்குப் போடு" என்றான்.

வலைக்குப் பக்கத்தில் நின்று குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாகப் போட்டேன். அவன் தோளைத் திருப்பினான். கால் குறுக்கே போகப் பார்த்தது, இழுத்துக்கொண்டது. கை வரவில்லை. பந்து அவனைத் தாண்டி உருண்டது.

"இன்னொண்ணு போடு."

போட்டேன். கூடையில் இருந்த பந்தெல்லாம் தீர்ந்தது. ஒன்று மட்டும் மட்டையில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அவன் முகம் முழுக்க வியர்வை, மார்கழிக் குளிரில்.

"போதும்" என்றான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்டா."

"நாளைக்கு இதவிட மோசமா இருக்கும், மச்சான். அதுக்கு மறுநாளு அதவிட. நான் கணக்கு வாத்தியாரு, எங்கிட்டியே சொல்றியா?"

அவன் சிரித்தான் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தபோது அழுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். வலையைக்கூட அவிழ்க்காமல் வந்துவிட்டோம்.

அடுத்த வருடம் எனக்குக் கடலூருக்கு மாற்றலானது. அத்தையையும் பாலுவையும் எங்களோடு மஞ்சக்குப்பம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முன்னறையில் கட்டில். டி.வி.யில் டென்னிஸ் காட்டினால் வைக்கச் சொல்வான். ஆட்டக்காரர்களைத் திட்டுவான். நாக்கு குழற ஆரம்பித்ததும் அவன் பேச்சு முதலில் எல்லோருக்கும் புரியாமல் போனது, அப்புறம் எனக்கு, கடைசியாகத் தேன்மொழிக்கு. அதற்குப் பிறகு கண்தான். மேலே பார்த்தால் சரி. மூடினால் வேண்டாம். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒரு வருடத்துக்கு மேல் எங்களோடு வாழ்ந்தான். சில சமயம் நான் அலுவலகத்தில் வேண்டுமென்றே நேரமாக்கிவிட்டு வருவேன். கதவைத் திறந்ததும் அந்தக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விழுங்க முடியாமல் தொண்டையில் சளி சேரும். அதை உறிஞ்சி எடுக்க ஒரு மின்சார மெஷின் இருந்தது. கரண்ட் போனால் இருக்கட்டும் என்று, காலால் மிதிக்கிற பம்ப் ஒன்றையும் எலும்பு டாக்டர் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்திருந்தார்.

2011 முடியப்போகிற நேரத்தில் 'தானே' புயல் வந்தது. அந்தக் காலையைக் கடலூர்க்காரர்களிடம் யாரும் விவரிக்க வேண்டியதில்லை. காற்று நின்று கதவைத் திறந்தபோது எங்கள் தெரு இல்லை. மரங்களும் கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எதிர்வீட்டு மாமரம் எங்கள் வாசலில் படுத்திருந்தது. கரண்ட் கிடையாது, எப்போது வருமென்று சொல்ல ஆளும் கிடையாது. இன்வர்ட்டர் அன்று மாலையே செத்தது.

பம்பை மிதித்தோம். நானும் தேன்மொழியும் மாற்றி மாற்றி. அவள் வயிற்றில் அப்போது எங்கள் மகள். "நீ எழுந்திரு, நான் பாத்துக்கிறேன்" என்றால் கேட்க மாட்டாள். ஜெனரேட்டர் தேடி அலைந்தேன். ஊரில் எல்லோரும் ஜெனரேட்டர்தான் தேடினார்கள். டாக்டர் விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி நடந்தே வந்தார். அந்த வயதில். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். வெளியே என்னைக் கூட்டிப்போய், "நெஞ்சு பூரா சளி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாலும் கொஞ்ச நாள் தள்ளலாம், அவ்ளோதான்" என்றார். அத்தை கேட்டுக்கொண்டே நின்றாள். "வேணாம் சார், எம்புள்ள இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

புத்தாண்டு பிறந்து சில நாட்கள் கழித்து, ஒரு காலை நேரம். தேன்மொழி மிதித்துக்கொண்டிருந்தாள். நான் குழாயைப் பிடித்திருந்தேன். பாலு என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"வேணாங்கிறான்" என்றேன்.

"நீ சும்மா இருண்ணா" என்றாள் அவள், அவனைப் பார்த்து. மிதிப்பதை நிறுத்தவில்லை.

அவன் மறுபடியும் திறந்து மூடினான். இந்த முறை ரொம்ப நேரம் மூடியிருந்தான். "அண்ணா, நான் சொல்றேன்ல, நீ சும்மா இரு" என்று அவள் அழுதுகொண்டே மிதித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்து அவள் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் பம்ப் சத்தம் நின்றது.

கெடிலம் ஆற்றங்கரையில் எரித்தோம். அந்த வாரம் விறகுக்குக் குறைவே இல்லை. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பச்சை விறகு, எளிதில் பற்றவில்லை. புகைதான் வெகுநேரம் நின்றது.

கடலூர் கிளப்பின் கோர்ட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்திருந்தது. மரத்தை அகற்றினார்கள், கோர்ட்டைச் சரிசெய்யவில்லை. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். சிதம்பரத்து மனமகிழ் மன்றம் கைமாறி, இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார்கள். ஒரு வரவேற்புக்குப் போயிருந்தேன். செம்மண் இருந்த இடத்தில் பந்தி நடந்தது. நான் சாப்பிடாமல் மொய் எழுதிவிட்டு வந்தேன். மேலாளர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர்ப்பக்கம் போனவர், பிறகு தகவல் இல்லை. டாக்டர் காலமாகிவிட்டார். அத்தை மகன் போன பிறகு எதிலும் பற்றில்லாமல் சில வருடம் இருந்துவிட்டுப் போனாள். டி.வி.யில்கூட இப்போது பெரும்பாலானவர்கள் இரண்டு கையால்தான் அடிக்கிறார்கள். நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எங்கேயோ பேச்சு வாக்கில் கேட்டுவிட்டு வந்து, "மாமா டென்னிஸ்ல எப்படிப்பா அடிப்பாரு?" என்றாள். அவள் அவனைப் பார்த்ததில்லை. நான் எழுந்து கூடத்தின் நடுவில் நின்றேன். தோளைத் திருப்பினேன். வலது காலைக் குறுக்கே வைத்தேன். கையை வீசினேன். தொப்பை இடித்தது. மகள் சிரித்தாள்.

தேன்மொழி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்படி இல்லங்க. அண்ணனுக்கு எடது கை பின்னால போவும். ரெக்க விரிச்ச மாதிரி."

"இல்ல. எடது கைய இடுப்போட ஒட்டி வெச்சிருப்பான்."

"இல்லவே இல்ல." அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். திரும்பினாள், வீசினாள். பாதியில் நிறுத்தினாள். "இருங்க..." என்றாள். இன்னொரு முறை திரும்பினாள். அவளுடைய இடது கை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டுல எதுப்பா சரி?"

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் இருக்கிற படம் எதிலும் பாலு பந்து அடித்துக்கொண்டிருக்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் பட்டு வேட்டியில் நிற்கிறான், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். கேட்பதற்கும் யாரும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

தேன்மொழி போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.